ஹீமோகுளோபின் 18 இருக்கிறது, குறட்டைக்கு சிபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவது) போடச் சொல்கிறார்கள். போட்டால் ரத்தம் சரியாகுமா?

எனக்கு ஹீமோகுளோபின் இறங்கியது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற வேகத்தில் இறங்காது, அப்புறம் தூக்கத்தில் மூச்சு நிற்பதால் மட்டும்தான் ஏறியதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், தேங்காய் வியாபாரம், வாரத்தில் நாலு நாள் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி போய் வருகிற ஆள். மூன்று வருடத்துக்கு முன்னால் 18.2 என்று ரிப்போர்ட் வந்தபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. நம் பக்கம் ரத்தம் குறைந்தால்தான் வியாதி, கூடினால் பெருமை. மாப்பிள்ளை உடம்பில் முருங்கைக்கீரை நன்றாக ஒட்டுகிறது என்று மாமியார் சந்தோஷப்பட்டார். ஒரு நாள் செக்போஸ்ட் வரிசையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய், பின்வண்டிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி "எந்தா சேட்டா, உறக்கமானோ?" என்று கேட்ட பிறகுதான் கோயம்புத்தூர் போய் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டேன். மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 42 தடவை. 30 தாண்டினாலே தீவிரம் என்று கணக்கு.

மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. அதைக் கவனிப்பது சிறுநீரகம். ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாக விடுகிறது, எலும்பு மஜ்ஜை அதைக் கேட்டுச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ரத்தம் கெட்டியாகிறது, கெட்டியானால் உறையும் ஆபத்து கூடுகிறது. போதாததற்கு இந்த நோய் உள்ளவர்களில் பலர் ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார்கள், நானும் அப்படித்தான், அதில் நீர் வேறு போய்விடும்.

மெஷின் மூச்சுக்குழாயை அடைபடாமல் வைக்கிறது, ஆக்சிஜன் இறங்குவது நிற்கிறது, சிறுநீரகமும் சும்மா இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே உற்பத்தியான சிவப்பணுக்கள் எங்கே போகும்? ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 120 நாள் வாழும். அதனால் ஒரு மாதத்தில் திரும்பப் பரிசோதித்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று மூலையில் வைத்துவிடாதீர்கள். நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன். வாய் உலர்கிறது, மாஸ்க் உறுத்துகிறது, மழைக்காலத்தில் கரண்டு போகிறது என்று விடிவதற்குள் கழற்றி எறிந்துவிடுவேன். மெஷினில் பதிவானதைப் பார்த்தால் சராசரி மூன்று மணி நேரம்கூட இல்லை. மூக்கோடு நிற்கிற சின்ன மாஸ்க்குக்கு மாறிய பிறகுதான் முழு ராத்திரியும் போட முடிந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயால் மட்டும் ஹீமோகுளோபின் 18 வரைக்கும் போவது அபூர்வம், பெரும்பாலும் கொஞ்சம்தான் கூடும். என் விஷயத்தில் பீடியும் இருந்தது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால், உடம்புக்கு அதுவும் ஆக்சிஜன் பஞ்சம்தான். இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்தேன், எட்டு மாதத்தில் 16.3 வந்தது, இதில் மெஷினின் பங்கு எவ்வளவு, பீடியை விட்டதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நீங்கள் புகைப்பவர் இல்லையென்றால் ஜாக்-2 மரபணுப் பரிசோதனையும் எரித்ரோபொயட்டின் அளவும் பார்க்கச் சொல்லி ரத்தவியல் மருத்துவரிடம் கேளுங்கள். மஜ்ஜையே தன்னிச்சையாக ரத்தம் பெருக்குகிற பாலிசைதீமியா வேரா என்று ஒரு நோய் உண்டு, அதில் எரித்ரோபொயட்டின் பெரும்பாலும் குறைந்திருக்கும், சிலருக்கு வெந்நீரில் குளித்ததும் உடம்பெல்லாம் அரிக்கும். அதற்கு வைத்தியமே வேறு, சிபாப் உதவாது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறீர்களானால் அதுவும் ஹீமோகுளோபினை ஏற்றும், மறைக்காமல் சொல்லுங்கள்.

என் மச்சான் ஒரு பாட்டில் ரத்தத்தை எடுத்துவிட்டால் போதுமே என்றான். மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் அப்படியே இருக்கும்போது மஜ்ஜை திரும்ப நிரப்பிவிடும், நடுவில் இரும்புச்சத்துதான் குறையும் என்றார்.

உங்கள் ஹீமாடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, எவ்வளவு என்று எழுதவில்லையே? வெயிலில் அலைந்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் கொடுத்த ரத்தமா என்பதையும் சொல்லுங்கள், அதிலேயே கொஞ்சம் ஏறிக் காட்டும்.