ஒரு பூஜ்யம்தானே என்று விடாதீர்கள்

வணக்கம். அடுத்த மாதம் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் எனக்கு கேஸ் இன்டர்வியூ, அதாவது ஒரு தொழில் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே தீர்க்கச் சொல்லும் நேர்முகத் தேர்வு. பிரச்சினையைப் பிரித்துப் பார்க்கும் சட்டகங்கள், அதாவது ஃப்ரேம்வொர்க், பன்னிரண்டு மனப்பாடம் செய்துவிட்டேன். இன்னும் எத்தனை வேண்டும்? ஆங்கிலம் சரளமாக வராது. கோட்-சூட் போட வேண்டுமா? நண்பனோடு ஒரு கேஸ் செய்து பார்த்தேன். கணக்கில் ஒரு பூஜ்யம் தவறியது, மற்றபடி நன்றாகவே போனது.
கா., கோவை

அன்புள்ள கா.,

கோட்-சூட் விஷயத்தை அழைப்பு அனுப்பிய எச்.ஆரிடமே கேளுங்கள். ஆங்கிலத்தை மெதுவாகப் பேசுங்கள், போதும். ஆனால் "மற்றபடி நன்றாகவே போனது" என்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பூஜ்யம் போனால் கேஸே போச்சு. முந்நூறு கோடிச் சந்தையை முப்பது கோடி என்று சொன்னால், இறங்க வேண்டிய தொழிலில் இறங்காதே என்று ஆலோசனை சொல்லிவிடுவீர்கள்.

சென்னையில் பாக்கெட் இட்லி மாவு ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய்க்கு விற்கும் என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? கால்குலேட்டர் கிடையாது. எல்லாமே அனுமானம்தான், அதைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். 70 லட்சம் பேர், வீட்டுக்கு 4 பேர், 17.5 லட்சம் வீடு. அதில் 40 சதவீதம் கடையில் வாங்கினால் 7 லட்சம் வீடு. வாரத்துக்கு 2 பாக்கெட் வீதம் 14 லட்சம் பாக்கெட். விலை 50 ரூபாய். இங்கேதான் சறுக்கும். 14-ஐ 50-ஆல் பெருக்கினால் 700. பக்கத்தில் 'லட்சம்' என்று எழுதினீர்களா? 700 லட்சம் என்றால் 7 கோடி. 52 வாரத்துக்கு 364 கோடி.

எதிரே இருந்து கேள்வி கேட்பவர் மில்லியனில் கேட்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பூஜ்யத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான். 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். அப்படியானால் 3,640 மில்லியன், அதாவது 3.64 பில்லியன் ரூபாய். தாளின் மேல் மூலையில் லட்சம், கோடி, மில்லியன் மாற்றம் மூன்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

விடை வந்ததும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 364 கோடியை 7 லட்சம் வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு 5,200 ரூபாய், வாரத்துக்கு 100. இரண்டு பாக்கெட் விலை, சரியாக இருக்கிறது. பூஜ்யம் தவறியிருந்தால் வாரத்துக்குப் பத்து ரூபாய் என்று வந்திருக்கும்; பத்து ரூபாய்க்கு இரண்டு பாக்கெட் மாவு எந்தக் கடையில் தருகிறார்கள்?

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மனதுக்குள் போட்டுவிட்டு விடையை மட்டும் சொன்னால், எந்த வரியில் தவறினீர்கள் என்று அவருக்குத் தெரியாது, திருத்த இடம் கொடுக்கவும் முடியாது. தவறை நீங்களே கண்டுபிடித்தால் பதறாதீர்கள் அப்பா, "அந்த வரியிலிருந்து திருத்துகிறேன்" என்று சொல்லித் தொடருங்கள்.

ஃப்ரேம்வொர்க்கா? லாபம் என்பது வரவில் செலவு போக மீதி. வரவு என்பது விலையை விற்ற எண்ணிக்கையால் பெருக்கியது. செலவில் வாடகை போல மாறாதது ஒன்று, அரிசி உளுந்து போல விற்பனையோடு ஏறுவது ஒன்று. இதிலிருந்து கேஸுக்கு ஏற்றபடி நீங்களே பிரிக்கப் பழகுங்கள், அந்தப் பன்னிரண்டை மூடி வையுங்கள்.

இன்று இரவே இதே மாவுக் கணக்கைக் கோவைக்குப் போட்டு எனக்கு அனுப்புங்கள். மில்லியனிலும் எழுதி.