ஊர்ப் பத்திரிகையும் ஃபிளெக்ஸ் பேனரும்

அன்புள்ள ஐயா,

என் மாமனார் டெல்டா பகுதியில் 34 ஆண்டுகளாக ஒரு மாலை நாளிதழ் நடத்திவருகிறார். எட்டுப் பக்கம், ஐந்து ரூபாய். ஒருகாலத்தில் ஐந்து தாலுகாக்களுக்குப் போனது. இப்போது பேருந்து நிலையக் கடைகளிலும் சில டீக்கடைகளிலும்தான் தென்படுகிறது. விளம்பரம் வற்றிவிட்டது. எல்லாவற்றையும் கூகுளும் ஃபேஸ்புக்கும் தின்றுவிட்டன என்கிறார். கனடாவில் சட்டம் போட்டு அந்த நிறுவனங்களிடம் பணம் வாங்குவதாகப் படித்தேன். இங்கும் அப்படிச் செய்தால் சிறு பத்திரிகைகள் பிழைக்குமா? அல்லது அச்சை நிறுத்திவிட்டு யூடியூப் சேனலாக மாறிவிடலாமா? இதை வாய்விட்டுக் கேட்டதிலிருந்து மாமனார் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செ., கும்பகோணம்

அன்புள்ள செ.,

மாமனாரின் கோபம் நியாயமானது. கோபப்படவேண்டிய ஆள்தான் மாறிவிட்டது. மாவட்டப் பத்திரிகையின் விளம்பரத்தை முதலில் தின்றது ஃபிளெக்ஸ் பேனர்.

1980களின் கடைசியில் ஒரு மாவட்டத் தலைநகரின் மாலைப் பத்திரிகையில் இரண்டு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தேன். அங்கே தலையங்கத்தைவிடக் கவனமாகத் திருத்தப்பட்டது கண்ணீர் அஞ்சலிதான். இறந்தவரின் பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு குடும்பம் வரும். பெயர்ப் பட்டியல் எழுதும்போதே சண்டை தொடங்கிவிடும். மூத்த மருமகன் பெயர் இளைய மகனுக்கு முன்னால் வரலாமா? சிங்கப்பூரில் இருப்பவருக்கு அடைப்புக்குறிக்குள் ஊர் போடவேண்டுமா? பத்தி சென்டிமீட்டர் கணக்கில் கட்டணம் என்பதால் ஒவ்வொரு பேரனுக்கும் ஒரு விலை உண்டு. மறுநாள் அதே குடும்பம் வந்து முப்பது பிரதி வாங்கிக்கொண்டு போகும். பிறகு பதினாறாம் நாள், பிறகு முதலாம் ஆண்டு நினைவு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது.

2000க்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் ஃபிளெக்ஸ் கடைக்குப் போகத் தொடங்கின. பத்துக்கு எட்டு அடியில் அப்பாவின் முகம், கீழே வரிசையாகப் பேரன்களின் முகங்கள். சாயங்காலம் கொடுத்தால் விடிவதற்குள் தெருமுனையில் நிற்கும். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், நகைக்கடைத் திறப்பு எல்லாம் அதன் பின்னாலேயே போயின. ஊரில் எவர் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லாத காலம் அது. வாட்ஸ்அப் வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டது.

பணம் கூகுளும் ஃபேஸ்புக்கும் இருக்கும் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது என்று நம்புகிறவர் சட்டத்துக்காகக் காத்திருப்பார். அதில் பெரும்பகுதி இன்னும் உங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

செய்திகளைத் தங்கள் தளத்தில் காட்டும் பெரிய இணைய நிறுவனங்கள் பத்திரிகைகளுக்குப் பணம் தரவேண்டும் என்னும் கனடா சட்டம் 2023 ஜூனில் நிறைவேறியது. கூகுள் பேரம் பேசி ஆண்டுக்குப் பத்துக் கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவோ பணம் தருவதற்குப் பதில் ஆகஸ்டில் அந்த நாட்டில் தன் தளங்களில் செய்திகளையே முடக்கிவிட்டது. அதே மாதம் வடக்கே யெல்லோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கியது, ஏறக்குறைய 20,000 பேர் ஊரைக் காலி செய்தார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற உள்ளூர்ச் செய்தியைக்கூட ஃபேஸ்புக்கில் பகிர வழியில்லை. பெயர்பெற்ற பத்திரிகைகளைத் தேடி வாசகர்கள் நேரே வருவார்கள். ஃபேஸ்புக் வழியாகவே வாசகரைப் பிடித்துவந்த சின்ன இடங்களுக்குத்தான் அடி பலம். இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தாலும், டெல்லியையும் சென்னையையும் கடந்து அந்தப் பணம் கும்பகோணம் வந்து சேரும் என்று நான் நம்பவில்லை.

யூடியூப் பார்வைக் கணக்கில் காசு தரும் இடம். ஒரு தாலுகாவின் செய்தியை வெளியூர்க்காரர் எதற்குப் பார்க்கவேண்டும்? பார்க்கவைக்க நடிகையின் விவாகரத்தைப் பேசவேண்டியிருக்கும். அதற்கு உங்கள் மாமனார் எதற்கு?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1871இல் தொடங்கிய சால்ட் லேக் ட்ரிப்யூன், 2019இல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறியது. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். நன்கொடையை நம்பும் அந்த ஏற்பாடு நமக்கு ஒத்துவராது. நம் ஊர் நகைக்கடைக்காரர் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தருவார், பத்திரிகைக்குத் தரமாட்டார். எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்த ஆண்டு அவர்கள் செய்தது. 2020 முடிவோடு தினசரி அச்சை நிறுத்தி, வாரம் ஒரு அச்சிதழ் என்று ஆக்கினார்கள். அன்றாடச் செய்தியை இணையத்துக்கு விட்டார்கள்.

இந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். எட்டுப் பக்கத் தாள் ஏறக்குறைய 32 கிராம் எடை. காகிதம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காகிதத்துக்கே இரண்டு ரூபாய் ஆகிறது. மை, அச்சு, ஏஜென்ட் கழிவு, விற்காமல் திரும்பும் கட்டு எல்லாம் போக ஐந்து ரூபாயில் என்ன மிஞ்சும்? விற்க விற்க நட்டம். வாரச் சந்தைக்கு முந்தைய மாலை 24 பக்கத்தில் ஒரே இதழ் போட்டால் காகிதச் செலவு ஆறு ரூபாய். இருபது ரூபாய்க்கு விற்கலாம்.

இருபது ரூபாய்க்கு என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் அதை எல்லாச் சேனலும் சொல்லும். உங்கள் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் என்றைக்கு வரும், எந்த மதகு பழுது, எந்தக் கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை நெல் நனைகிறது, மாநகராட்சிக் கடை ஏலத்தை யார் எடுத்தார்? இவற்றை நாலு இடம் நடந்து விசாரித்துச் சொல்ல ஊரில் இப்போது ஆளில்லை.

வார இதழானால் வங்கி அறிவிப்புகள் போய்விடுமே என்பார் மாமனார். அடமானச் சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்தால் இரண்டு முன்னணிப் பத்திரிகைகளில், ஒன்று வட்டார மொழியில், அறிவிக்கவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. அந்த விளம்பரம் இப்போது அவருக்கு எத்தனை வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பல பதிப்பு நாளிதழ்களுக்குத்தான் போகிறது. அரசு விளம்பரத்தை நம்பி விற்பனைக் கணக்கை ஊதிக்காட்டி, அச்சடித்த கட்டைப் பிரிக்காமல் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அஞ்சலிப் பக்கத்தை மீட்கலாம் என்றே நினைக்கிறேன். ஃபிளெக்ஸை மாநகராட்சி கழற்றிவிடும், வாட்ஸ்அப்பில் போட்டது அன்று மாலைக்குள் மேலே போய்விடும். இறந்தவர் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார், எந்தப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நிருபரை அனுப்பி 200 சொல்லில் எழுதவையுங்கள். கட்டண விளம்பரம் என்று மேலே அச்சிட்டுவிட்டுத் தாராளமாகக் காசு வாங்கலாம்.

மாமனாரிடம் பேச்சைத் தொடங்க ஒரு வழி இருக்கிறது. அலுவலகப் பரணில் பழைய பில் புத்தகங்கள் கிடக்கும். 1995ஆம் ஆண்டுக் கட்டை இறக்கச் சொல்லி, கண்ணீர் அஞ்சலி மட்டும் எத்தனை என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். சென்ற ஆண்டின் கட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள்.