இரண்டு தடவை சொல்லாதீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வகுப்பறை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் ஓர் இருமொழி வகுப்பில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எனக்கு இது முதல் வருடம். மொத்தம் 21 பேர். பெரும்பாலானவர்களுக்கு வீட்டில் ஆங்கிலம்தான், தமிழ் இரண்டாம் மொழி. எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்படியும் பதில் ஆங்கிலத்திலேயே வருகிறது.

ஒரு பையன் நான்கு மாதமாகத் தமிழில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. கதவோரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருப்பான். தலைமையாசிரியை 'இங்கே தமிழ் மட்டும்' என்று எழுதி வகுப்பில் மாட்டச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேசுகிற பிள்ளைகளும் 'நான் பென்சில் வேணும்', 'அப்பா வந்துச்சு' என்கிறார்கள். திருத்தினால் வாயை மூடிக்கொள்கிறார்கள். விட்டுவிட்டால் அதுவே படிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாலையில் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வரும்போது, இன்று எதையுமே கற்றுக்கொடுக்கவில்லை என்று தோன்றுகிறது. பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தலைமையாசிரியை, பேசாத பையன், பிழைகள் என்று மூன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கண் நின்றது, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய வரியில். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்கிறேன் என்ற வரி. உங்கள் தொண்டை கட்டுவதற்கு அதுதான் காரணம். பதில் ஆங்கிலத்திலேயே வருவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

நானும் ஆரம்பத்தில் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. ஒருநாள் "எல்லோரும் வரிசையில் நில்லுங்கள்" என்றேன். யாரும் அசையவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்தாள். பக்கத்தில் இருந்த பையன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ஆங்கிலத்தில் சொன்னான்: "இரு, டீச்சர் இன்னும் நிஜமாச் சொல்லலை." அவனைப் பொறுத்தவரை என் தமிழ், நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற ஒரு கனைப்பு. அன்றைக்கு எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அவன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பத்து நொடியில் அதே சேதி தெரிந்த மொழியில் வரப்போகிறது என்றால், தெரியாத மொழியோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? வேற்றுமொழிப் படத்தில் கீழே எழுத்து ஓடினால் என் காது எப்போது வேலையை நிறுத்தியது என்று எனக்கே தெரியாது.

அதனால் முதலில் அதை விடுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். பிள்ளைகள் உங்கள் வாயையே பார்ப்பார்கள், அடுத்தது எப்போது வரும் என்று. வராது என்று தெரிந்த பிறகுதான் உங்கள் கையை, முகத்தை, முன்னால் எழுந்த பிள்ளையைப் பார்க்கத் தொடங்குவார்கள். மொழி உள்ளே போகிற வழி அது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்: ஆசிரியர் கட்டளையைச் சொல்லிக்கொண்டே தானும் செய்துகாட்டுவார், மாணவர் உடம்பால் பதில் சொன்னால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கென்று தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். புத்தகத்தை எடு, மூடு, தலைமேல் வை, நண்பனிடம் கொடு. 'கொடு' என்பதும் 'எடு' என்பதும் காதுக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். கையில் ஒரு புத்தகம் இருந்தால் குழப்பம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, தினமும் நடக்கிற காரியங்களுக்கு வாக்கியத்தை மாற்றாதீர்கள். கதை நேரத்துக்கு முன் இன்று "வட்டமா உக்காருங்க", நாளை "எல்லாரும் சுத்தி வாங்க", மறுநாள் "கதை கேக்கலாமா" என்று சொன்னால் உங்களுக்கு அது சலிப்பில்லாத பேச்சு. பிள்ளைக்கு மூன்று புதிர். ஒரே வாக்கியத்தை ஒரே இடத்தில் நின்று ஒரே ராகத்தில் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் நீங்கள் சொல்வதற்கு முன் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

பிள்ளை விழுந்து அடிபட்டு அழும்போதும் தமிழ்தான் பேசுவேன் என்று நிற்காதீர்கள். பயம், வலி, சண்டை, வீட்டு ஏக்கம் இதற்கெல்லாம் அவர்கள் மொழியில் பேசிவிடுங்கள். 'நியாயம்', 'நேற்றைக்கு முந்தினநாள்' மாதிரி கையில் பிடித்துக் காட்ட முடியாத சொல்லையும் ஒரே ஒரு தடவை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பத்து நிமிடம் அபிநயம் பிடிப்பதைவிட அது மேல்.

இப்போது தலைமையாசிரியை மாட்டச் சொன்ன அட்டை. நான் சொன்னது ஆசிரியரின் வாய்க்கு. அவர் பிள்ளைகளின் வாய்க்குச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில்லை. பிள்ளை யோசிப்பதே ஆங்கிலத்தில்தான், அதை மூடினால் தமிழ் வராது, வெறும் அமைதிதான் வரும். வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளில் வெல்ஷும் ஆங்கிலமும் சேர்ந்து நடக்கிற வகுப்புகளைப் பார்த்து, கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் ஒரு வழக்கத்துக்குப் பெயர் வைத்தார். ஒரு மொழியில் கேட்பது அல்லது வாசிப்பது, அதைப் பற்றி மற்ற மொழியில் பேசுவது அல்லது எழுதுவது. அவருடைய ஆய்வேடு 1994-இல் வந்தது, இன்று உலகம் முழுக்க 'டிரான்ஸ்லாங்குவேஜிங்' என்ற அந்தப் பேச்சுதான். இதில் மொழி மாறுகிற இடத்தை முன்கூட்டியே ஆசிரியர் முடிவு செய்கிறார். உங்கள் வகுப்பில் என்றால், கதையை முழுக்கத் தமிழில் சொல்லுங்கள். பிறகு இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து என்ன நடந்தது என்று எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும். அப்புறம் ஒரு படம் வரைந்து, அதைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு வாக்கியம். நடுவில் அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைக் காதைத் தீட்டிக் கேளுங்கள். உங்கள் தமிழ்க் கதை எவ்வளவு புரிந்தது என்பதை அதைவிட நன்றாக எந்தப் பரீட்சையும் காட்டாது.

அட்டை மாட்டத்தான் வேண்டும் என்றால் 'டீச்சர் தமிழில் பேசுவார்' என்று எழுதி உங்கள் மேஜைக்கு மேலே மாட்டுங்கள். அவருக்கும் அட்டை கிடைத்த மாதிரி இருக்கும்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். புதிய மொழிக்குள் வருகிற சிறு பிள்ளைகள் பலர் சில வாரமோ சில மாதமோ பேசாமல் இருப்பது சாதாரணம். ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அவன் வகுப்பில் ஆங்கிலத்திலாவது மற்ற பிள்ளைகளோடு பேசுகிறானா? வீட்டில் எப்படி? பேசுகிறான் என்றால் காத்திருக்கலாம். வீட்டில் கலகலப்பாக இருந்துவிட்டு, பள்ளியில் எந்த மொழியிலும் யாரோடும் மாதக்கணக்கில் பேசவில்லை என்றால் அது மொழிப் பிரச்சினை இல்லை, பெற்றோரோடு உட்கார்ந்து பேசிப் பேச்சு சிகிச்சையாளரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ காட்ட வேண்டும். காதையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

முதல் வகையாக இருந்தால் அவனிடம் "சொல்லு, சொல்லு" என்று மட்டும் கேட்காதீர்கள். காட்டச் சொல்லுங்கள், எடுத்து வரச் சொல்லுங்கள், இரண்டு படத்தில் ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். கூட்டமாகப் பாடும்போது உதடு அசைகிறதா என்று பாருங்கள், ஆனால் பார்ப்பது அவனுக்குத் தெரிய வேண்டாம். எல்லோரிடமும் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடி ஆக்கினால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். தாய்மொழியில் நடக்கிற வகுப்புக்கே மூன்று என்றால் நம் வகுப்புக்கு ஐந்து நொடியாவது வேண்டும். ஐந்து நொடி அமைதி என்ன நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என்னிடம் ஒரு சிறுமி இருந்தாள். ஐந்து மாதம் ஒரு சொல் இல்லை. ஒருநாள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, இடுப்பில் கை வைத்து, "எத்தனை தடவை சொல்றது? சத்தம் கூடாது!" என்றாள். என் குரல், என் இழுவை, என் கை. அவள் பேசிய முதல் தமிழ் என்று நான் சந்தோஷப்பட்டேனா, நான் இப்படியா இருக்கிறேன் என்று வெட்கப்பட்டேனா, இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து மாதம் அவள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பிழைகள். 'நான் பென்சில் வேணும்' என்பது ஆங்கிலத்தின் அமைப்பைத் தமிழ்ச் சொற்களால் நிரப்பியது. அங்கே வேண்டுகிறவர் எழுவாய், இங்கே 'எனக்கு'. 'அப்பா வந்துச்சு' வேறு ரகம். 'பாப்பா தூங்குது', 'குழந்தை அழுவுது' என்று நாம்தானே சொல்கிறோம். அதையே அப்பாவுக்கும் விரித்திருக்கிறார்கள். அப்பாக்கள் மன்னிக்கட்டும்.

எப்படித் திருத்துவது? பயிற்சி வகுப்புகளில், பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள் என்பார்கள். "நான் பென்சில் வேணும்." "ஓ, உனக்குப் பென்சில் வேணுமா?" "ஆமா." முடிந்தது. பிள்ளை பென்சிலை வாங்கிக்கொண்டு போய்விடும், பிழையும் கூடவே போகும். ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவின் பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகளில், அதாவது பாடங்களையே பிரெஞ்சில் நடத்துகிற வகுப்புகளில், இதையேதான் கண்டார்கள். ஆசிரியர்கள் செய்கிற திருத்தங்களில் பாதிக்கும் மேல் இந்த வகை, ஆனால் பிள்ளைகள் அதைக் கவனித்து எதிர்வினை செய்வது இதில்தான் மிகக் குறைவு. பிள்ளையையே சொல்லவைக்கிற கேள்விகள் நன்றாக வேலை செய்தன.

நான் செய்வது இதுதான். பென்சிலைக் கையில் உயர்த்திப் பிடித்து, "யாருக்கு? எனக்கா, உனக்கா?" என்பேன். "எனக்கு!" என்று கத்துவார்கள். "எனக்கு...?" என்று இழுப்பேன். "எனக்குப் பென்சில் வேணும்." அதன் பிறகுதான் கைக்குப் போகும். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பிழை, அதையும் விளையாட்டாக. 'வந்துச்சு'வை இப்போது தொடாதீர்கள், அது அடுத்த மாதத்துக்கு. பிள்ளை ஏதாவது முக்கியமான சேதி சொல்ல ஓடிவரும்போது எதையுமே திருத்தாதீர்கள். பல் விழுந்துவிட்டது என்று வாயைத் திறந்து காட்டுகிறவனிடம் வேற்றுமை உருபு பேசுவது அநியாயம்.

நீங்கள் எழுதாத ஒன்று, சீக்கிரம் வரப்போகிறது. தமிழ் கற்கிற பிள்ளைக்கு அது ஒரு மொழி இல்லை, ஒன்றரை மொழி. உங்கள் வாயில் 'வந்துட்டாங்க', புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்'. என் வகுப்பில் ஒரு பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், இதுல தப்பா இருக்கு" என்றது. ஐந்து, ஆறு வயதில் பேசுவது பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். எழுத்துத் தமிழ் கதை வாசிக்கும்போது உங்கள் குரலில் காதுக்குப் போனால் போதும். பேசும்போது 'இருக்கின்றன' என்று சொல்லவைத்தால் பிள்ளை மேடைப் பேச்சாளர் மாதிரி ஆகிவிடும், விளையாடும் இடத்தில் அந்தத் தமிழை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, எதையுமே கற்றுக்கொடுக்கவில்லை என்று தோன்றுவது பற்றி. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடாக் கல்வியாளர் 1979-லிருந்து எழுதிவந்தது உங்களுக்கும் தலைமையாசிரியைக்கும் உதவும். புதிய மொழியில் விளையாட்டுப் பேச்சு பிடிபட இரண்டு வருடம் ஆகலாம், பாடம் படிக்கிற அளவு மொழி வர ஐந்து வருடமோ அதற்கு மேலோ. அவர் பார்த்தது பெரும்பாலும் சுற்றிலும் அந்த மொழி பேசப்படுகிற இடங்களில் வளர்ந்த பிள்ளைகளை. "போடா, என் பந்து" என்று சரளமாகச் சொல்கிற பையனிடம் "எட்டைவிட மூன்று குறைவு எது?" என்று கேட்டால் விழிப்பது அதனால்தான். அவனுக்குக் கணக்கு தெரியும், 'விட' தெரியாது. நீங்கள் நான்கு மாதத்தில் மதிப்பெண் போட்டுக்கொள்கிறீர்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்று யார் தமிழில் என்ன சொன்னார்கள், பிழையோடு அப்படியே, இரண்டு வரி. அப்படி எழுதிவைத்திருந்ததால்தான் பொம்மைக்காரி என்னை மாதிரியே சொன்னது எனக்கு இன்னும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

அந்தப் பையனை முன்வரிசைக்கு மாற்றலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மாற்றாதீர்கள். கதவோரத்திலிருந்து பார்த்தால்தான் அவனுக்கு எல்லோரும் தெரிகிறார்கள்.