கண்ணுக்குள் ரத்தக்கசிவு: புரை முகாம் வண்டியில் ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. கானாடுகாத்தான் பக்கம். கல்யாண வீடுகளில் சமையல் வேலை. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் வலது கண்ணில் ஒட்டடை பறப்பதுபோலத் தெரிந்தது. இப்போது கையசைவு மட்டும்தான் தெரிகிறது. விழித்திரையில் ரத்தக்கசிவு, ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார் காரைக்குடி மருத்துவர். கத்தி வைத்தால் உள்ள பார்வையும் போய்விடும் என்கிறார்கள் உறவினர்கள். முகாமில் புரையை எடுத்தால் போதும், நானே அழைத்துப்போகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அடுத்த மாதம் மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த முகாம் வண்டியில் ஏறாதீர்கள் ஐயா. புரை என்பது கண்ணின் முன்பக்கத்து லென்ஸ் மங்குவது. உங்களுக்கு ரத்தம் கசிந்திருப்பது பின்சுவரான விழித்திரையில். முகப்புக் கதவை மாற்றினால் இரண்டாம் கட்டில் ஒழுகும் ஓடு நின்றுவிடுமா?

சர்க்கரை பல ஆண்டுகள் நீடித்தால் விழித்திரையில் வலுவில்லாத புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். அவற்றில் ஒன்று உடைந்து, கண்ணுக்குள் இருக்கும் கூழில் ரத்தம் கலந்திருக்கிறது. அது வெளிச்சத்தை மறைக்கிறது. பார்வை மங்கிவிட்டதாலேயே விழித்திரை செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது தெரியவேண்டியது ஒன்றுதான்: ரத்தத்துக்குப் பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, பிய்ந்திருக்கிறதா? இமையை மூடி, மேலே பசை தடவி எடுக்கும் பி-ஸ்கேன் அதைச் சொல்லிவிடும். வலி கிடையாது. ஒட்டியிருந்தால், தலையை உயர்த்திப் படுத்துச் சில வாரங்கள் காத்திருக்கலாம். ரத்தம் தானே கரைந்து, லேசர் ஒளிச் சிகிச்சையோடு முடிந்துபோவதும் உண்டு. பிய்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. மூன்று வாரம் போய்விட்டது. ஸ்கேன் எடுக்கவில்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

கத்தியைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சிறு துளைகள் போட்டு, ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச்செய்தால் போதும். கிருமித் தொற்று, மறுபடியும் கசிவு போன்ற ஆபத்துகள் இல்லாமலில்லை. ஆனால் அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உள்ளே வளரும் தழும்பு விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடக்கூடும். அதையும் கவனிக்காமல் விட்டால் பார்வையை மீட்பது மிகவும் கடினம். பார்வை எவ்வளவு திரும்பும் என்பது விழித்திரையின் நடுப்பகுதி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முழுப் பார்வைக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சிங்கப்பூர் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். ஆபரேஷன் முடிவில் சிலருக்கு விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். அது இருக்கும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே வாயு விரியும், கண் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்று பார்வை அடியோடு போய்விடக்கூடும். கொடைக்கானல், ஊட்டியும் கூடாது. ஒருவகை வாயு இரண்டு, மூன்று வாரங்களில் கரையும். இன்னொன்று இரண்டு மாதம்வரை கிடக்கும். எது போட்டார்கள் என்று எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். இடையில் வேறு எந்த ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வந்தாலும் அதைக் காட்டுங்கள். சில மயக்க வாயுக்களும் இதே கெடுதலைச் செய்யும். வாயுவுக்குப் பதில் சிலிகான் எண்ணெய் வைத்தால் பறக்கலாம், ஆனால் பெரும்பாலும் அதை எடுக்கச் சில மாதங்களில் இன்னொரு ஆபரேஷன் வேண்டும். மகனிடம் சொல்லி டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள்.

உங்களை அழைத்துப்போக முன்வருகிறவரின் நோக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கி ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். "காப்பீட்டில் முடித்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை யார் கையிலும் விட்டுவைக்காதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை பயன் தரும் அட்டை அது. மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் நீங்களே கொடுத்து, விழித்திரை ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியபின், புரையால் குருடானவர்களைத் தேடிப்போய்ப் பார்வை கொடுத்தது தமிழ்நாட்டுக்குப் பெருமை. ஆனால் புரைக் கணக்கு நிரம்பினால் போதும் என்ற எண்ணம் பல முகாம்களில் ஊறிவிட்டது. 2021 முதல் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லது. அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்திருந்தால் உங்கள் வலது கண்ணுக்கு லேசரே போதுமாக இருந்திருக்கலாம். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இடது கண்ணையும் அதே நாளில் காட்டுங்கள். நன்றாகத் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள். தேவைப்பட்டால் கசிவதற்கு முன்பே லேசர் வைத்து அந்தக் கண்ணைக் காப்பாற்றலாம். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் அட்டையோடு எடுத்துப்போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்டமுடியாது. வீட்டாளாக ஒருவர் துணைக்கு வரட்டும்.