‘நன்றி தம்பி’ ஏன் ஒட்டவில்லை?

ஐயா, வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், வயது 63. பேரனைப் பார்த்துக்கொள்ள வாரம் மூன்று நாள் பஸ்ஸில் மகன் வீட்டுக்குப் போய்வருகிறேன். இறங்கும்போது டிரைவருக்கு மலாயில் நன்றி, ‘தெரிமா காசே’ சொல்லாமல் இறங்கியதில்லை. போன வாரம் டிரைவர் தமிழ்ப் பையன். தமிழிலேயே சொல்வோமே என்று ‘நன்றி தம்பி’ என்றேன். அவர் சிரித்துவிட்டு, ‘என்னம்மா, மேடையில பேசுற மாதிரி!’ என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மலாயில் சரளமாக வருவது தமிழில் ஏன் ஒட்டாமல் நிற்கிறது? மருமகளோ, ‘மாசம் 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டி பாஸ் எடுத்திருக்கோம், அவருக்கும் சம்பளம் வருது, எதுக்கு அத்தை நன்றியெல்லாம்?’ என்கிறாள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள அம்மா,

மருமகளோடு நான் சண்டைக்கு வரவில்லை. 50 வெள்ளிக் கணக்கு சரிதான். மூச்சிரைக்க ஓடிவருகிறவரைப் பார்த்துக் கதவை மூடாமல் வைத்திருக்கிறாரே, அதுவும் அந்த 50 வெள்ளியில் சேர்த்தியா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘தெரிமா’ என்றால் பெற்றுக்கொள்வது, ‘காசே’ என்றால் அன்பு. (சின்ன வயதில் அதில் காசு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.) சொன்னதும் ‘சாமா சாமா’ என்று பதில் வந்துவிடும். நம் ‘நன்றி’க்கு அப்படி வாயில் தயாராக இருக்கும் பதில் எது? அந்தப் பையன் சிரித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான், பாவம், அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குறளில் ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்னும்போதுகூட நன்றி என்பது ஒருவர் செய்த உதவி. அதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. வாயால் சொல்லும் நன்றி நமக்கு மேடையிலும் கடிதத்திலும்தான் பழகியது.

அப்படியென்றால் நம்மவர்களுக்கு மரியாதை தெரியாதா? பஸ் மினி ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1975 முதல் 1998 வரை கோலாலம்பூரில் ஓடிய அந்த இளஞ்சிவப்பு வண்டிகளில் நீங்களும் நசுங்கியிருப்பீர்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், கடைசிக் காலத்தில் 60 சென். வாசலில் தொங்கிக்கொண்டு ‘பெலாக்காங், பெலாக்காங்’ (பின்னால போ) என்று நம்மை உள்ளே தள்ளும் கண்டக்டரிடம் யார் நன்றி சொன்னார்கள்? ‘அண்ணே, நாலாங்கட்டைல (நாலாவது மைலில்) எறக்கி விடுங்க’ என்போம். அந்த ‘அண்ணே’யிலேயே எல்லாம் அடங்கிவிடும். மலாய்க்காரர் முடிவில் சொல்வதை நாம் முதலிலேயே முறை வைத்துக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறோம். அதன் ருசி தெரிந்துதான் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) சீனரும் மலாய்க்காரரும் ‘ஆனே’ என்று கூப்பிடுகிறார்கள்.

இப்போது கண்டக்டர் இல்லை. முன்கதவில் அட்டையைத் தட்டி ஏறி, நடுக்கதவில் தட்டி இறங்குகிறோம். டிரைவரிடம் வாய் திறக்கவே வேலையில்லாமல் போய்விட்டது. ஆகவே அவருக்குக் காட்டும் மரியாதை பெரும்பாலும் கைவேலைதான். பஸ் நெருங்குவதற்குள் கையை நீட்டுவது, படியில் நின்றுகொண்டு கைப்பைக்குள் அட்டையைத் துழாவாமல் இருப்பது. இரண்டாவதில் நான் இன்றும் தேறவில்லை. பின்னால் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் பெருமூச்சு காதில் விழும்.

அடுத்த முறை அந்தப் பையன் வந்தால் ‘நன்றி’யை விட்டுவிட்டு ‘வரேன் தம்பி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பாத்து எறங்குங்கம்மா’ என்று பதில் வரும் என்பது என் ஊகம். நம் ‘சாமா சாமா’ அதுதான். மலாய் டிரைவருக்கு வழக்கம்போல ‘தெரிமா காசே’யே இருக்கட்டும், அதை எதற்கு மாற்ற வேண்டும்?

கூட்டமாக இருந்தால் நடுக்கதவிலிருந்து கத்தவும் வேண்டாம். முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்துங்கள். கதவை மூடுவதற்கு முன் அவர் அதில் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.