ஊட்டிக் குளிரில் சின்னம்மை: பிள்ளையை மூடி மூடி வைக்காதீர்கள்

ஊட்டிக்கு மாற்றலாகி வந்து முதல் பனிக்காலம். நாலு வயதுப் பையனுக்குச் சின்னம்மை. ராத்திரியெல்லாம் அரிப்பில் அழுகிறான். இந்தக் குளிரில் குளிப்பாட்டலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் மருந்தே கூடாது என்கிறார், என்ன செய்வது? இதுதான் உங்கள் கேள்வி.

நான் குன்னூர்க்காரி. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து அம்மை போட்டது இதே மலையில், இதே மாதிரி பனியில்தான். நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொல்லிக் கேட்டதையும் வீட்டில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். அதற்கு முன்னால், பையன் மேல் இப்போது எத்தனை துணி இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கீழே கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ அம்மை போட்டால் பிள்ளையை மெல்லிய வேட்டித் துணியில் படுக்க வைத்து, வேப்பிலையால் விசிறிக் குளுமையாக வைத்திருப்பார்கள். மலையில் நாம் நேர் எதிராகச் செய்கிறோம். காய்ச்சல் வேறு அடிக்கிறதா, உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, அதற்கும் மேலே கம்பளி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர். உடம்பு சூடேறி வியர்த்தால் அரிப்பு பல மடங்காகும். கம்பளி நேராகத் தோலில் பட்டால் கொப்புளத்தை உரசி உடைக்கும். குல்லாவுக்குள் தலையிலும் கொப்புளம் இருக்கும், அதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும்.

அதனால் தோலை ஒட்டி இருப்பது பழைய பருத்தித் துணியாக இருக்கட்டும். புதுசு வேண்டாம், துவைத்துத் துவைத்து நைந்ததுதான் நல்லது. அதற்கு மேல் இன்னொரு தொளதொளப்பான பருத்திச் சட்டை. போர்வைக்குப் பழைய நூல் புடவையை இரண்டாக மடித்துப் போட்டு, அதற்கு மேல் கம்பளியை இடுப்பு வரைக்கும் போடுங்கள். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் போதும், ஈரமாக இருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். பனிக்காலத்தில் துவைத்த துணி இங்கே சீக்கிரம் காயாது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அரை ஈரத்தோடு போட்டுவிடாமல் இஸ்திரி போட்டு ஆறவைத்துப் போடுங்கள்.

ஹீட்டரைத் தூங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடலாம். ராத்திரி முழுக்க ஓடினால் காற்று வறண்டு தோல் இழுக்கும், அரிப்பும் கூடும். கரண்ட் இல்லை என்று கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு மட்டும் தூங்கிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

குளியலுக்கு வருகிறேன். குளிப்பாட்டலாம், குளிப்பாட்டவும் வேண்டும். தோல் சுத்தமாக இருந்தால்தான் சொறிந்த இடத்தில் சீழ் பிடிக்காது. காலையில் புல் மேல் உறைபனி இருக்கும் நேரத்தில் வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் வெயில் நன்றாக ஏறியதும், ஜன்னலைச் சாத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றுங்கள். உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. குளிருதே என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அரை மணி கழித்து அரிப்பு உயிரை எடுக்கும். சாதா ஓட்ஸ் ஒரு கைப்பிடியை மிக்ஸியில் மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்து, பிள்ளையைப் பத்து நிமிஷம் டப்பில் உட்கார வையுங்கள். பால் மாதிரி ஆகிற அந்தத் தண்ணீர் தோலை நன்றாக அடக்கும். டப் வழுக்கும், கையை விடாதீர்கள். துடைக்கும்போது துண்டை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

நம் ஊரில் ஒரு தனி ஆபத்து உண்டு, நீலகிரித் தைலம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பாட்டில் இருக்கும். குளிக்கிற தண்ணீரில் ரெண்டு சொட்டு விடு, சளியும் பிடிக்காது, அம்மையும் அடங்கும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். விடாதீர்கள். உடைந்த கொப்புளத்தில் பட்டால் எரிச்சல் தாங்காது. சின்னப் பிள்ளை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரை போகும். பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சரி, மாமியார். எங்கள் வீட்டிலும் இதேதான். "ஆத்தா வந்திருக்கா, மாத்திரை குடுத்தா கோவிச்சுக்குவா கண்ணு" என்றார் என் அத்தை. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சின்ன வயதில் அம்மை என்றால் பெரியம்மையும் உண்டு. வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோன நோய், குணப்படுத்த மருந்தும் கிடையாது. இந்தியாவில் அது 1975-ல் ஒழிந்தது, 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பயம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. எங்கள் டாக்டர் அத்தையிடம் வாதாடவே இல்லை. "இது ஆத்தாளுக்கு இல்லைங்க பாட்டி, காய்ச்சலுக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தையே பாலாடையில் மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

அந்த மருந்து பாராசிட்டமால். எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. நாலிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். சிரப் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு, அட்டை இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அம்மையோடு அது சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் சிண்ட்ரோம் வரலாம். இபுபுரோஃபனும் வேண்டாம், அம்மை நேரத்தில் தோலில் கிருமித் தொற்று கடுமையாவதற்கும் அதற்கும் தொடர்பு பார்த்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பாராசிட்டமாலும் அதுவும் கலந்த காய்ச்சல் சிரப் அலமாரியில் கிடக்கும், பழைய பாட்டிலை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். அரிப்புக்கு ராத்திரி கொடுக்கும் மருந்தை டாக்டரே எடை பார்த்து எழுதித் தரட்டும். அம்மைக் கிருமியையே அடக்கும் அசைக்ளோவிர் மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் தேவைப்படாது. அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாமியாரின் மற்ற வழக்கங்களில் பாதி நல்லதுதான், விட்டுவிடுங்கள். வாசலில் வேப்பிலை செருகினால் அது ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு ஆள் உள்ளே வர மாட்டான். தாளிக்காத சாப்பாடும் வாய்ப்புண்ணுக்கு ஒத்துப்போகும். ஊட்டி உயரத்தில் வேப்பமரத்தைத் தேடி அலையாதீர்கள், கீழே மேட்டுப்பாளையத்திலிருந்துதான் வர வேண்டும். பூக்கடையில் சொல்லி வைத்தால் பூ மூட்டையோடு கொண்டுவந்து தருவார்கள். கழுவி ஈரம் போக உதறிய கொழுந்துக் கொத்தால் முதுகில் மெல்ல வருடினால் பிள்ளைக்கு அவ்வளவு இதம். அரிக்கிற இடத்தில் நகத்துக்குப் பதிலாக வேறு ஏதோ படுகிறது, அதுவே போதும். ஆனால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை உடைந்த கொப்புளத்தின் மேல் செய்ய வேண்டாம். மூன்று தண்ணி ஊற்றும் வரை குளிக்கவே கூடாது என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தலைக்கு ஊற்றும் சடங்கு அந்தக் கணக்கில் நடக்கட்டும், உடம்புக்குத் தினமும் ஊற்றிக்கொள்ளலாம்.

கொப்புளத்துக்குக் காலமைன் லோஷன். நன்றாகக் குலுக்கி, பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். கண், வாய், தோல் உரிந்து சிவந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை அசையாமல் இருக்க வேண்டுமே! என் சின்னவளுக்கு ரயில் பைத்தியம். முதுகைத் திருப்பச் சொல்லி, இடுப்புக்கிட்ட மேட்டுப்பாளையம் என்று ஆரம்பிப்பேன். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று ஒவ்வொரு கொப்புளமும் ஒரு ஸ்டேஷன். நெளிந்தால் ரயில் நின்றுவிடும், "தண்ணி புடிக்குது சாமி, பொறு" என்பேன். குன்னூர் தாண்டி, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தோளுக்கு ஏறி, பிடரியில் ஊட்டி. ஸ்டேஷனைவிடக் கொப்புளம் நிறைய என்பதால் ரயில் பல தடவை இறங்கி ஏறியது. அவளுக்கு ஹில்குரோவ்தான் ரொம்ப அரிக்கும். ராத்திரி எழுந்து, "அம்மா, ஹில்குரோவ்" என்று முனகுவாள், எந்த இடம் என்று உடனே தெரிந்துவிடும். ஈரத் துணியைப் பிழிந்து அங்கே வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் அடங்கித் தூங்கிப்போவாள்.

நகத்தை ஒட்ட வெட்டி முனையைத் தேய்த்து விடுங்கள். தூங்கும்போது கைகளில் பருத்தி சாக்ஸ் மாட்டுங்கள். கம்பளி சாக்ஸ் கூடாது. சொறியாதே என்று நூறு தடவை சொல்வதைவிட, அரித்தால் உள்ளங்கையால் தட்டு என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

வாய்க்குள்ளும் கொப்புளம் வரும். சாப்பிட மாட்டேன் என்றால் அடம் என்று நினைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறிய பால் கஞ்சி, ராகிக் கூழ், குழைந்த தயிர் சாதம், வாழைப்பழம், கீழிருந்து வரும் இளநீர் எல்லாம் சரி. புளிப்பும் காரமும் எரியும், ஆகவே ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம். ஊட்டி வர்க்கி கேட்டு அழுதால் பாலில் நன்றாக ஊறவைத்துக் கொடுங்கள், மொறுமொறு ஓரம் புண்ணைக் கீறிவிடும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் குறையாமல் போகட்டும். குளிரில் பிள்ளைகள் தாகம் என்று கேட்க மாட்டார்கள், நாம்தான் வாய்ப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்.

புதுக் கொப்புளம் மூன்று நாலு நாள் வரை கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் காய, இன்னொரு பக்கம் முளைக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது வேறு: மூச்சு வாங்குவது, எழுப்பினால் சரியாக விழிக்காமல் சோர்ந்து கிடப்பது, நிற்காத வாந்தி, தள்ளாடி நடப்பது, கழுத்தை மடக்க முடியாமல் போவது, கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கிச் சூடாவது, கண்ணில் கொப்புளம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, காய்ச்சல் நாலு நாளுக்கு மேல் நீடிப்பது அல்லது விட்டுத் திரும்ப வருவது. இதில் எது வந்தாலும் மாமியாரைச் சமாதானப்படுத்தக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மலைப் பாதையில் ராத்திரி மூடுபனி இறங்கினால் வண்டி நகராது, சந்தேகம் வந்தால் பகலிலேயே காட்டிவிடுவது நல்லது. வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ சாப்பிடும் பிள்ளை என்றால் இது எதற்கும் காத்திருக்காமல் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கொப்புளம் எல்லாம் பொருக்கு தட்டும் வரை மற்றவர்களுக்கு ஒட்டும். பள்ளிக்கூடம் அதுவரை வேண்டாம். பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள், தானாக உதிரட்டும். அப்புறம் மலை வெயில் சில்லென்று இருந்தாலும் புற ஊதாக் கதிர் இங்கே கடுமை, புதுத் தழும்பு அதில் கறுத்துப்போகும். முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போட்டு விளையாட விடுங்கள்.

பக்கத்து வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், நேரில் போகாதீர்கள். உங்களுக்கோ கணவருக்கோ சின்ன வயதில் அம்மை வந்ததா என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாகப் படுத்தும். வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஒரு வயது தாண்டியிருந்தால், தடுப்பூசிக்கு உடனே டாக்டரைக் கேளுங்கள். அம்மையோடு பழகி மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் போட்டாலும் வராமல் தடுக்கவோ, வந்தால் லேசாகப் போகவோ வாய்ப்பு உண்டு. அரசு இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். போடாவிட்டால் 10 முதல் 21 நாளுக்குள் அந்தப் பிள்ளைக்கும் வரலாம். ஒரே வீட்டில் இரண்டாவதாக வருகிறவருக்குக் கொப்புளம் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். என் சின்னவள்தான் இரண்டாவது, ரயில் அத்தனை தடவை ஏறி இறங்கியதற்குக் காரணம் அதுதான்.