57.3 மில்லிமீட்டர்: பழைய எக்ஸ்-கதிர் கேமராக்கள் கேள்வி பதில்

படிகத்தை ஃபிலிமில் பிடித்து ஸ்கேல் வைத்து அளந்த காலத்துக் கருவிகள் பற்றிக் கேளுங்கள். டிபை-ஷெரர், வைசன்பெர்க், பிரிசெஷன் மூன்றும் எனக்குப் பழக்கம். விலை, விற்பனை என் துறை இல்லை. பழைய எக்ஸ்-கதிர்க் குழாயை ஓட்டிப் பார்ப்பது பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

ஆய்வக உதவியாளர்: அலமாரியில் வட்டமான உலோக டப்பா ஒன்று. உள்ளே 57 மி.மீ. சொச்சம் விட்டம். எதிரெதிரே இரண்டு சின்னக் குழாய்கள். இது என்ன?

தூள் கேமரா. 1916-இல் கோட்டிங்கனில் டிபையும் ஷெரரும் கண்ட முறை. அமெரிக்காவில் ஹல் தனியாகவே அதே இடத்துக்கு வந்தார். குழாய்களில் ஒன்று கொலிமேட்டர், கதிர் உள்ளே வரும் வழி. மற்றது பீம் ஸ்டாப், சிதறாமல் நேரே வரும் கதிரை விழுங்குவது. நடுவில் தூள் மாதிரி சுழலும். ஃபிலிம் உள்சுவரை ஒட்டி வளைந்திருக்கும்.

விட்டம் 57.3 என்றால் சுற்றளவு 180 மி.மீ. ஆகவே ஃபிலிமில் 1 மி.மீ. என்பது விலகு கோணத்தில், அதாவது 2 தீட்டாவில், 2 டிகிரி. பெரிய அண்ணன் 114.6 மி.மீ.; அதில் 1 மி.மீ.க்கு 1 டிகிரி. கோடுகள் நன்றாகப் பிரியும், ஆனால் படம் பிடிக்க நேரம் கூடும்.

முதுநிலை மாணவி: எங்களிடம் பழைய உப்புப் படம் ஒன்று இருக்கிறது, தாமிர இலக்கு உள்ள எக்ஸ்-கதிர்க் குழாயில் எடுத்தது. கையாலேயே அலகுக் கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டியின், நீளத்தைக் கணக்கிட முடியுமா?

முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் "1 மி.மீ. = 2 டிகிரி" என்று போடாதீர்கள். கழுவி உலர்த்தியதில் ஃபிலிம் சுருங்கியிருக்கும்.

உங்கள் ஃபிலிமில் இரண்டு ஓட்டைகள் இருந்தால் அது ஸ்ட்ராமானிஸ் முறையில் பொருத்தியது. எந்த ஓட்டை எது என்று முதலில் பாருங்கள். கோடுகள் இரட்டையாகப் பிரிந்து தெரிகிற பக்கம் உயர் கோணம், கதிர் நுழைந்த ஓட்டை. மற்றது வெளியேறிய ஓட்டை. ஓட்டையின் விளிம்பை அளக்காதீர்கள். அதைச் சுற்றி இருபுறமும் உள்ள கோட்டு ஜோடிகளின் நடுப்புள்ளியை எடுங்கள். இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் இடையே 180 டிகிரி.

ஒரு கணக்கு: நடுப்புள்ளிகள் 45.2, 134.9 மி.மீ.யில் விழுகின்றன என்று வையுங்கள். இடைவெளி 89.7, அப்படியானால் 1 மி.மீ. = 2.0067 டிகிரி. வெளியேறும் ஓட்டையைச் சுற்றி பலமான 200 (படிகத் தளங்களுக்கு இடும் குறியெண்) கோட்டு ஜோடியின் இடைவெளி 31.6 மி.மீ. என்றால் 4 தீட்டா (இருபுறமும் 2 தீட்டா) 63.41, தீட்டா 15.85 டிகிரி. அலைநீளம் 1.5418 ஆங்ஸ்ட்ராம், அதை 2 சைன் தீட்டாவால் வகுத்தால் தள இடைவெளி 2.823, அலகுக் கூடு 5.645. உண்மை மதிப்பு 5.640. சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் 2 டிகிரி என்றே போட்டிருந்தால் 5.663 வந்து நிற்கும்.

மிச்சமுள்ள 0.005? ஸ்கேலில் 0.03 மி.மீ. பிசகினாலே போதும். அதனால்தான் கடைசி மதிப்பை உயர் கோணக் கோடுகளிலிருந்து எடுப்பார்கள். தீட்டா 80 டிகிரியில் அதே அளவுப் பிசகு, 16 டிகிரியில் செய்வதில் இருபதில் ஒரு பங்குதான் கெடுக்கும்.

அதே மாணவி: 200 கோட்டுக்கு உள்பக்கமாக ஒரு மங்கல் கோடும் இருக்கிறது. 111-ஆ?

கோணத்தைப் பாருங்கள். 2 தீட்டா 27.4 என்றால் 111. 28.6 என்றால் அது தாமிரக் குழாயின் இன்னோர் எக்ஸ்-கதிரான K-பீட்டா போட்ட நிழல். அதைத் தடுக்கும் நிக்கல் ஃபில்டர் இல்லாமலோ மெலிந்த தகட்டோடோ எடுத்திருக்கிறார்கள்.

சேகரிப்பாளர்: ஜெர்மன் கேமரா, பெட்டியோடு. எவ்வளவு போகும்?

முதல் பத்தி.

உலோகவியல்: எஃகுத் தூள் படங்கள் எல்லாமே கறுத்துப் போயிருக்கின்றன. ஃபில்டர் சரியாகத்தான் இருந்ததாம்.

ஃபில்டர் என்ன செய்யும் பாவம்! கறுப்பு வருவது குழாயிலிருந்து அல்ல, மாதிரியிலிருந்தே. இரும்பின் உட்கவர் விளிம்பு, அதாவது இதைவிடக் குறுகிய அலையை இரும்பு திடீரென்று அதிகம் விழுங்கத் தொடங்கும் எல்லை, 1.743 ஆங்ஸ்ட்ராம். தாமிரக் கதிர் அதைவிடக் குறுகியது; இரும்பு அதை விழுங்கித் தன் சொந்தக் கதிரை எல்லாப் பக்கமும் கக்கும். கோபால்ட் குழாய்க்கு மாறியிருக்க வேண்டும்: 1.790, விளிம்புக்கு வெளியே. தாமிரம்தான் கையில் என்றால் ஃபிலிமுக்கு முன்னால் மெல்லிய அலுமினியத் தகடு கொஞ்சம் தடுக்கும். கொஞ்சம்தான்.

புள்ளி: கோடுகள் கோடாக இல்லை, புள்ளி புள்ளியாக இருக்கின்றன.

தூள் கரகரப்பு. 45 மைக்ரான் சல்லடையில் இறங்கும்வரை அரைத்திருக்க வேண்டும், மாதிரியையும் சுழற்றியிருக்க வேண்டும். உலோகத்தை அரத்தால் தேய்த்து எடுத்த பொடியானால் எதிர்க் குறை: கோடு அகன்று மங்கும். பொடியைச் சூடாக்கி ஆற்றிவிட்டுப் படமெடுக்க வேண்டும்.

மின்வேலை: எங்களிடம் ஜெனரேட்டரும் சேர்ந்தே இருக்கிறது. 20 கிலோவோல்ட்டில் ஒரு நிமிடம் மட்டும்...

கூடாது. அணைத்து வைத்த மின்தேக்கியிலும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பழைய மின்மாற்றி எண்ணெயில் என்ன கலந்திருக்கிறதோ. குழாய்ச் சன்னல் பெரிலியம். சுரண்டாதீர்கள், விரலால் தொடாதீர்கள், உடைந்தால் தூசியை ஊதாதீர்கள். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி இல்லாமல் இயக்குவது சட்டப்படியும் தப்பு.

படிகப்பித்தன்: பிரிசெஷன் கேமரா வந்த பிறகு வைசன்பெர்க்கை யார் சீந்தினார்கள்?

நிறையப் பேர். பியூர்கரின் பிரிசெஷன் கேமராவில் ஃபிலிமும் படிகத்தோடு சேர்ந்து ஆடுவதால் தலைகீழ் அணிக்கோவை, அதாவது சிதறல் புள்ளிகளின் ஒழுங்கான வலை, கோணல் இல்லாமல் விழும். ஸ்கேலை வைத்து நேரே அளக்கலாம். 1924-இல் வந்த வைசன்பெர்க்கில் ஃபிலிம் உருளை அச்சோடு நகரும், அதனால் வரிசைகள் வளைந்து தெரியும். பார்க்க அழகு எது என்றால் பிரிசெஷன்தான். ஆனால் 30 டிகிரி ஆட்டத்தில் தாமிரக் கதிரில் அது 1.54 ஆங்ஸ்ட்ராம் தள இடைவெளி வரைதான் எட்டும் (எண் சிறிதானால் நுணுக்கம் கூடும்). வைசன்பெர்க் ஏறக்குறைய 0.77 வரை போகும்.

படிகப்பித்தன்: மாலிப்டினக் குழாய் போட்டால் 0.71. தீர்ந்ததா?

எல்லை தீர்ந்தது, நேரம் தீரவில்லை. சிதறல் செறிவு அலைநீளத்தின் மும்மடிக்கு ஏற்ப இறங்கும். 1.54-இலிருந்து 0.71-க்கு வந்தால் சுமார் பத்தில் ஒரு பங்கு. சின்னப் படிகத்தோடு அத்தனை நேரம் காத்திருப்பீர்களா?

புரதம்: குறுக்கிடுகிறேன். எங்கள் படிகங்கள் 1.5 ஆங்ஸ்ட்ராம் வரை சிதறினாலே அதிர்ஷ்டம். கூடு பெரிது, புள்ளிகள் நெருக்கம். வளைந்த வரிசையில் எண் போட்டே கண் போய்விடும்.

அது சரியான வாதம், ஒப்புக்கொள்கிறேன். பெரிய கூட்டுக்குப் பிரிசெஷன்தான்.

படிகப்பித்தன்: பார்த்தீர்களா!

பெரிய கூட்டுக்கு என்றேன். சிறு மூலக்கூறுக்கு வைசன்பெர்க். மேலடுக்குப் பிரிசெஷன் படத்தின் நடுவில் விழும், புள்ளியே பதியாத குருட்டு வட்டத்தையும் மறந்துவிடாதீர்கள்.

வரலாறு: டிஎன்ஏவின் 51-ஆம் படமும் இந்தக் கேமராவா?

இல்லை. அது படிகமல்ல, இழை. 1952 மே மாதம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃபிராங்ளினின் வழிகாட்டலில் கோஸ்லிங் எடுத்தது. காற்றின் சிதறலைக் குறைக்கக் கேமராவுக்குள் ஈரமான ஹைட்ரஜனைச் செலுத்தினார்கள்.

புதியவர்: அது ஏன் 57.3?

முதல் பதில்.

நூலகர்: மரப்பெட்டியில் நீள அட்டைச் சீட்டுகள், வரிசை வரிசையாக எண்கள். கேமராவோடு வந்தது.

பீவர்ஸ்-லிப்சன் பட்டைகள், 1930-களில் வந்தவை. கணினி இல்லாத காலத்தில் ஃபூரியர் கூட்டலுக்கு, அதாவது பல அலைகளைக் கூட்டிப் படிகத்துக்குள் எலெக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு வீச்சு, ஒரு குறியெண், அதற்கான கொசைன் அல்லது சைன் மதிப்புகள். வேண்டிய பட்டைகளை உருவி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நெடுக்கில் கூட்ட வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள், திரும்ப வரிசைப்படுத்தப் பொழுது பத்தாது.

மின்வேலை: 10 கிலோவோல்ட்?

கூடாது. குழாய்க்கு மூடி போட்டு, "இயக்காதே" என்று சீட்டு ஒட்டி வையுங்கள். கேமராவை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து மேசைமேல் வையுங்கள், அதைத் தொட்டுப் பார்ப்பதில் ஆபத்தில்லை.